தொட்டிலில் நின்ற கப்பல்

விரல் முட்டியால் எதையாவது தட்டிப் பார்க்கும் சத்தத்தோடுதான் பெரியப்பா எங்கள் வீட்டுக்குள் வந்தார். கதவைத் தட்டினார், அது திறந்ததும் கதவின் உட்பக்கத்தையும் தட்டினார், பிறகு சுவர், சூடேற்றியின் தகரம், சாப்பாட்டு மேசை, குளிர்சாதனப் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, டொரோண்டோவின் ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த அந்த உயரமான கட்டடத்தைப் பற்றித் தன் தீர்ப்பைச் சொன்னார். "உது முழுக்க வெறும் கோது, தம்பி, உள்ளுக்கை ஒண்டுமில்லை." வாடகை வீடுதான் என்றாலும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு "குசினி"க்குள் போய்விட்டாள்.

கப்பலின் அடித்தகட்டைத் தட்டித் தட்டியே ஆயுளைக் கழித்தவருக்கு அது விடாத பழக்கம். நல்ல இரும்பு ஒரு மாதிரிப் பேசும், உள்ளே துருத் தின்ற இரும்பு வேறு மாதிரிப் பேசும் என்பார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. அக்கா பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்குக்கு மூத்தவர் வராமல் முடியாது என்று அப்பா மாதக்கணக்காக மண்டபத்தைத் தள்ளிப் போட்டு, கடைசியில் பெரியப்பாவை வரவழைத்திருந்தார். அவருக்காக என் கட்டில் போயிற்று, என் அலுமாரியின் பாதி போயிற்று, சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களும் போயின. ஆகவே எனக்கு அவர்மேல் பெரிய பாசம் ஒன்றும் இருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போதாக்குறைக்கு நான் இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. பெரியப்பாவோ நான் தண்ணீர்க் கோப்பையை நீட்டினால் வாங்கவே மாட்டார். "எந்தக் கையாலை தாறாய்? சோத்துக்கையாலை தா" என்று அப்படியே கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். நான் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றும்போது பாதித் தண்ணீர் கம்பளத்தில் சிந்தும்.

ஆனால் எங்கள் குடும்பத்தின் மானம் மரியாதை எல்லாம் அந்த மனிதரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அலுவலகக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்தார், அம்மா ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டினாள், என்றாலும் கல்யாண வீடுகளில் யாராவது "நீங்கள் ஆற்றை ஆக்கள்?" என்று குடும்பத்தை விசாரித்தால் அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்துவிடும். "நாங்கள் யாட்டுக்காரர்" என்பார். "தீவிலை எங்கடை யாட் இருக்கு." கேட்டவர் ஊர்ப் பக்கத்துத் தீவுகளான வேலணையா, புங்குடுதீவா என்று யோசிப்பார். அப்பா ஒரு பெருமிதச் சிரிப்போடு அது கரீபியன் கடலில் இருக்கிற தீவு, யாட் என்றால் கப்பல் திருத்துகிற துறை என்று விளக்குவார். தீவின் பெயரைச் சொன்னாலும் கேட்டவருக்கு விளங்கப் போவதில்லை என்பதால், எங்கள் வீட்டில் அது கடைசிவரை வெறும் "தீவு"தான்.

அதன் கதை எங்களுக்குத் தேவாரம்போல மனப்பாடம். வல்வெட்டித்துறையிலிருந்து கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போன பெரியப்பா, இளவயதில் அந்தத் தீவின் கரையில் கைவிடப்பட்டார். கப்பல் பழுதாகி நின்றுவிட, கப்பல்காரர் கடன்காரருக்குப் பயந்து மறைந்துவிட, மற்ற மாலுமிகள் எல்லாம் கிடைத்த வழியில் ஊர் போய்ச் சேர, இவர் மட்டும் அந்த இயந்திரத்தை விட்டுவிட்டு வர மனமில்லாமல் இருந்துவிட்டார். கரையோரத்தில் மீன்பிடிப் படகுகளின் இயந்திரத்தைத் திருத்தத் தொடங்கினார். பிறகு பாழடைந்து கிடந்த ஒரு படகுத்துறையைக் கழுவித் துடைத்து எடுத்தார். கடைக்குட்டித் தம்பியான ராசன் சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டார். நடுவில் பிறந்த அப்பா, தாய் தகப்பனைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஊரிலேயே நிறுத்தப்பட்டு, சண்டை முற்றியபோது எங்களையும் இழுத்துக்கொண்டு டொரோண்டோவுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த யாட்டின் படம் எங்கள் வரவேற்பறையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. கரையிலிருந்து கடலுக்குள் சரிந்து இறங்கும் இரண்டு தண்டவாளங்கள். அவற்றின்மேல் சக்கரம் பூட்டிய ஒரு பெரிய மரச்சட்டம். கப்பலை அந்தச் சட்டத்தில் ஏற்றி, மேலே கொட்டிலுக்குள் இருக்கும் "வின்ச்" என்ற இழுவை இயந்திரத்தால் இரும்புக் கயிறு சுற்றிக் கரைக்கு இழுப்பார்கள். அடிப்பகுதியைத் திருத்தி முடிந்ததும் அதே சட்டத்தில் வைத்துக் கடலுக்குள் இறக்குவார்கள். ஊரிலே அந்தச் சட்டத்துக்கு என்ன பெயரோ, அண்ணன் தம்பிமார் தங்களுக்குள் அதைத் "தொட்டில்" என்றார்கள்.

கப்பலை இறக்குவதற்கு அங்கே ஒரு ஒழுங்குமுறை இருந்தது. வின்ச் இரைகிற இரைச்சலில் வாயால் சொல்வது யாருக்கும் கேட்காது. அதனால் பெரியப்பா கப்பலைச் சுற்றி நடந்து, அடித்தகட்டைத் தட்டிப் பார்த்து, தேங்காய் உடைத்து, முன்னால் வந்து நின்று வலக்கையை உயர்த்துவார். கை உயர்ந்தால்தான் தொட்டில் அசையும். ஆரம்பத்தில் இது வெறும் பழக்கமாகத்தான் இருந்ததாம். பெரியப்பா பட்டணத்துக்குப் போயிருந்த ஒரு நாள், இளந்தாரியான சித்தப்பா பொறுமையில்லாமல் தானே முன்னால் நின்று கையைத் தூக்கிவிட்டார். தொட்டிலுக்குக் கீழே கட்டை உருவிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியை அவர் கவனிக்கவில்லை. அந்த மனிதர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அன்று பெரியப்பா தம்பியை அடிக்கவில்லையாம், ஏசவும் இல்லையாம். சந்நிதி முருகன் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "இனிமேல் என்ரை கை உயராமல் தொட்டில் அசையாது" என்று சத்தியம் வாங்கினார். சித்தப்பா அதற்குப் பிறகு எத்தனையோ கப்பல்களைத் திருத்தினார். கையை மட்டும் உயர்த்தவேயில்லை.

அக்காவின் சடங்கு சிறப்பாக நடந்தது. பெரியப்பா பட்டு வேட்டியோடு மேடையில் இருந்து எல்லாருக்கும் விபூதி பூசினார். அடுத்த வாரம் தீவுக்குத் திரும்ப வேண்டியவர். அங்கே தொட்டிலில் ஒரு சரக்குக் கப்பல் ஏறி நின்றது. பக்கத்துத் தீவுகளுக்கு அரிசியும் சீமெந்தும் ஏற்றுகிற கப்பல். "நான் வந்துதான் இறக்கிறது" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். திரும்புவதற்கு முன் ஒரு காலையில், பல் தீட்டிக்கொண்டு நின்றவர் குளியலறைக்குள்ளேயே சரிந்து விழுந்தார். பாரிசவாதம். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து என் அறைக்கே திரும்பி வந்தார். வாரத்தில் சில நாள்கள் ஆஸ்பத்திரி வான் வந்து அவரைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு போகும். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார்கள். கை திரும்பி வரக்கூடும், கொஞ்சம் பொறுங்கள் என்று டொக்டர் சொன்னதாக அக்கா மொழிபெயர்த்தாள்.

"கை வரும்" என்பது வீட்டில் மந்திரமாகிவிட்டது. அம்மா வேலைவிட்டு வந்து நல்லெண்ணெய் சுடவைத்து அந்தக் கையைத் தேய்த்துவிட்டாள். அப்பா ஒரு ரப்பர் பந்தை அந்த விரல்களுக்குள் திணித்து மூடி வைப்பார். பந்து உருண்டு கட்டிலுக்குக் கீழே போகும். பெரியப்பா எங்களைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம்: பெரியவர்களிடம் தேத்தண்ணி வேண்டுமா, போர்வை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பது மரியாதையில்லை. குறிப்பறிந்து கொண்டுபோய் வைக்க வேண்டும். அதனால் எல்லாமே கேட்காமலே நடந்தது.

தீவில் கப்பல் வேலை முடிந்தது. சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பா ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தித் தொலைபேசியைக் கட்டிலில் பெரியப்பாவின் காதருகே வைத்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"பெரியண்ணை, நான் ராசன். வேலை முடிஞ்சுது. அடித்தகடு எல்லாம் மாத்தியாச்சு. நானும் ஆக்களும் சுத்திவரத் தட்டிப் பாத்திட்டம், ஒரு பழுதும் இல்லை. இறக்கட்டோ?"

பெரியப்பாவின் கண் அசையாமல் நின்றது. பிறகு இடக்கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, மெதுவாக மேலே உயர்ந்து, விரல்கள் விரிந்தபடி அப்படியே நின்றது.

அப்பா தொலைபேசியைக் கையில் எடுத்தார். "ராசன், அண்ணை கையைத் தூக்கிறார். இடக்கை."

"இடக்கையோ?"

"ஓம். சோத்துக்கை இன்னும் எழும்பேல்லை."

"பெரியண்ணை ஒரு நாளும் இடக்கையாலை காட்டினதில்லை, சின்னண்ணை. வேண்டாம் எண்டு மறிக்கிறாரோ தெரியாது."

"எனக்கும் அப்பிடித்தான் படுது. பொறு. கை வரட்டும்."

அம்மாவுக்கும் சந்தேகம் இருக்கவில்லை. "நல்ல காரியத்துக்கு இடக்கையோ? அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை" என்றாள். தண்ணீர்க் கோப்பையைக்கூட இடக்கையில் வாங்காதவர், கப்பலுக்கு இடக்கையால் விடை கொடுப்பாரா? இடக்கைக்காரியான எனக்குக்கூட அது உத்தரவாகத் தோன்றவில்லை. இத்தனை நாள் என்னை ஏசியவர் இப்போது தானே இடக்கையைத் தூக்குகிறார் என்று உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது.

கோடை நகர்ந்தது. தொட்டிலில் நின்ற கப்பல் இறங்கினால்தான் அடுத்த கப்பல் ஏறலாம். திருத்த வந்தவை ஒவ்வொன்றாக வேறு துறைகளுக்குப் போய்விட்டன. கப்பல்காரர் நாளுக்கு நாள் வந்து சத்தம் போடுகிறார் என்று சித்தப்பா சொன்னார். ஆவணி வந்தால் அந்தக் கடலில் புயல்காலம். தண்ணீரில் இருக்கிற கப்பல் என்றால் ஓட்டிக்கொண்டுபோய்ச் சதுப்பு நிலக் கண்டல் காட்டுக்குள் இருக்கிற ஓடையில் கட்டிவிடலாம். அங்கே காற்றுப் புகாது. கரையில், உயரத்தில், நெஞ்சைக் காட்டிக்கொண்டு தொட்டிலில் நிற்கிற கப்பலைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது அப்பாவும் அம்மாவும் சாப்பிடும்போது பேசிக்கொண்டதில்தான். பேசி முடிந்ததும் அப்பா எழுந்து போய்ப் பந்தைத் தேடி எடுத்து மறுபடியும் அந்தக் கைக்குள் வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியின் வானிலைப் படத்தில் ஒரு வெள்ளைச் சுழி தெரிந்தது. அப்பா சோற்றுக் கையோடு எழும்பி நின்று பார்த்தார். அப்போதே தொலைபேசி அடித்தது. சித்தப்பாவின் குரல் வழக்கமான குரலாக இல்லை.

"சின்னண்ணை, நாளைக்கு மறுநாள் இஞ்சை அடிக்குமாம். எல்லாரும் ஓடைக்குள்ளை கொண்டுபோய்க் கட்டுறாங்கள். ஆக்கள் வின்ச்சடியிலை ஆயத்தமா நிக்கிறாங்கள். பெரியண்ணையை ஒருக்காக் கேளன்."

அப்பா மறுபடியும் தொலைபேசியை அந்தக் காதருகே வைத்தார். சித்தப்பா கேட்டார். இடக்கை உயர்ந்தது. இந்த முறை வேகமாக உயர்ந்தது, பெரியப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கிப் போர்வைக்குள் வைத்து, "சரி, சரி, அத்தார், ஆறுதலாக் கிடவுங்கோ" என்றாள்.

"மறிக்கிறார், ராசன்" என்றார் அப்பா. "வலுவா மறிக்கிறார்."

"அப்ப நீ சொல்லு. அவருக்கு அடுத்தது நீதானே. நீ ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், நான் இறக்கிறன். நான் சத்தியம் பண்ணினவன், சின்னண்ணை. என்னாலை ஏலாது. நீ சொல்லு."

அப்பா எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்து, அதுவரை ஒரு முடிவும் தன்னிடம் கேட்கப்படாமல் வளர்ந்த மனிதர் அவர். ஊரை விட்டு வருவதற்குக்கூடப் பெரியப்பாவின் கடிதத்துக்குக் காத்திருந்து, அந்தக் காத்திருப்பிலேயே ஊர் வீட்டைக் குண்டுக்குக் கொடுத்தவர். "அண்ணை உயிரோடை கிடக்கேக்கை நான் ஆர் சொல்ல?" என்றார்.

புயல் அடித்தது. பல நாள்கள் தொலைபேசி போகவில்லை. பிறகு சித்தப்பாவே எங்கிருந்தோ கூப்பிட்டார். ஆட்கள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றார் முதலில். கப்பலை இரும்புக் கயிறுகளால் கட்டி வைத்திருந்தார்களாம். விடியற்பக்கம் காற்றுத் திசை மாறியதும் அது தொட்டிலோடு சரிந்து வின்ச் கொட்டிலின்மேல் விழுந்ததாம். தண்டவாளம் இரண்டும் முறுகிக் கடலுக்குள் போய்விட்டனவாம். ஓடைக்குள் கட்டிய படகுகளுக்குக் கீறல்கூட இல்லையாம். "முடிஞ்சுது, சின்னண்ணை" என்றார். அப்பா வெறுமனே "ஓம்" "ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பாவிடம் சொல்வதில்லை என்று அன்றே முடிவாயிற்று.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள், பயிற்சிக்கு அப்பாவே பெரியப்பாவோடு வானில் போனார். ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பயிற்சி கொடுத்தவள் நல்ல பெண். எப்போதும் சிரித்த முகம். இவ்வளவு நாளும் குடும்பத்தில் யாரையும் சந்திக்க முடியவில்லையே என்று தொடங்கிப் பெரியப்பாவைப் புகழ்ந்து தள்ளினாள். நான் கேட்டு, ஒவ்வொன்றாக அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"பெரியப்பாவுக்கு எல்லாம் விளங்குதாம், அப்பா. கேக்கிற எல்லாத்துக்கும் சரியாப் பதில் சொல்லுறாராம். ஓமெண்டா இடக்கையைத் தூக்குவாராம். இல்லையெண்டாத் தலையை ஆட்டுவாராம். முதல் கிழமையிலை இருந்தே அப்பிடித்தானாம்."

அப்பா என்னைப் பார்த்தார். "திருப்பிக் கேள்" என்றார்.

திருப்பிக் கேட்டேன். அவள் இன்னும் மகிழ்ச்சியோடு, பெரியப்பாவின் பக்கம் குனிந்து, இவர் உங்கள் தம்பியா என்று கேட்டாள். பெரியப்பா இடக்கையைத் தூக்கினார்.

அப்பா சுவரோடு இருந்த கதிரையில் போய் இருந்தார். அழவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பெரியப்பாவைக் கட்டிலில் கிடத்திய பிறகு, என்னைப் பல்கனிக்குக் கூப்பிட்டு, "உதை ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை. அம்மாவுக்கும் சொல்லாதை. சித்தப்பாவுக்கு எப்பவும் சொல்லாதை" என்றார். அவர் என்னிடம் கெஞ்சிய குரலில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் கொடுமை. பெரியப்பாவுக்குத் தொலைபேசி மணி கேட்டால் போதும், இடக்கை எழும்பிவிடும். அம்மாவின் சிநேகிதியாக இருக்கும், அக்காவின் வகுப்புத் தோழியாக இருக்கும், அவருக்குத் தெரியாதே. அவர் மனதில் கப்பல் இன்னும் தொட்டிலில் நின்றது. தம்பி இறக்கட்டா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவரும் இறக்கு, இறக்கு என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அப்பா அந்த நேரங்களில் வீட்டில் இருந்தால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கொஞ்ச நாளில் தொலைபேசியின் மணியை நிறுத்தி, வெறும் விளக்கு மட்டும் மின்னும்படி செய்துவிட்டார். வலக்கை கடைசிவரை வரவில்லை. அதற்கு அடுத்த பனிக்காலத்தில் பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

இப்போது அப்பாவும் இல்லை. யாட் இருந்த இடத்தில் ஒரு ஹோட்டல் வந்துவிட்டது. கணினியில் அந்தத் தீவைத் தேடிப் பார்த்தால் நீலக் குடைகளும் சாய்வுக் கதிரைகளும் தெரிகின்றன. தண்டவாளம் போன தடமே இல்லை. யாட்டுக்காரர் என்று சொன்னால் தலை நிமிர்ந்து பார்க்கிற ஆட்களும் டொரோண்டோவில் இல்லாமல் போய்விட்டார்கள். சித்தப்பா மட்டும் பக்கத்து ஊரான விட்பியில் மகள் வீட்டில் இருக்கிறார். யாட் போன பிறகு கனடாவுக்கு வந்த நாளிலிருந்து வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து, இப்போது ஓய்வாகிவிட்டார். பேரப்பிள்ளைகள் கேட்டால் யாட்டின் கதையைச் சொல்கிறார். அவருடைய கதையில் பெரியண்ணை ஒரு தீர்க்கதரிசி. வாய் பேசாத நிலையிலும் இடக்கையைக் காட்டி மறித்தவர். அவர் மறித்திராவிட்டால் அந்தக் காற்றுக்குள் கப்பலை ஓட்டிக்கொண்டு போயிருப்போம், கப்பலோடு ஆட்களும் போயிருப்பார்கள், இன்னொரு சாவு என் தலையில் விழுந்திருக்கும் என்கிறார். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் வியக்கிறார்கள்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கோப்பையை வைத்துவிட்டு, "பிள்ளை, நீ அப்ப அந்த அறையுக்கை நிண்டனி எல்லோ? அவர் மறிச்சவர்தானே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், சித்தப்பா" என்றேன்.